உள்ளே தாழ்ப்பாள் இல்லாத அறை

என் கணவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலை, சாப்பிட உட்கார்ந்ததும் என்னையும் தன்னையும் விரலால் சுட்டி எண்ணினார். "ரெண்டு. சரியா இருக்கு," என்றார். அதற்குப் பிறகுதான் தட்டில் கை வைத்தார். சிறைச்சாலையில் முப்பத்தைந்து வருடம் வார்டராக இருந்தவர். ஆள் எண்ணாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் ஒரே மகன் குடும்பத்தோடு வெளியூரில் இருக்கிறான். ஆகவே இந்த வீட்டில் எண்ணிக்கை இரண்டைத் தாண்ட வழியே கிடையாது. இருந்தாலும் அன்றிலிருந்து ஒரு வேளைகூட அவர் எண்ணத் தவறியதில்லை.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை கவுண்டரில் முப்பத்துமூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் வாயை வைத்துக் கத்துகிறவர்கள் உண்டு, காதை வைக்கிறவர்கள் உண்டு, கையை விட்டு என் பேனாவை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எக்ஸ்ரே எங்கே, எலும்பு டாக்டர் எங்கே, கழிப்பறை எங்கே, பெரியப்பாவை எந்த மாடியில் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. தெரியாது, இல்லை, முடியாது என்ற மூன்று வார்த்தைகளையும் நான் அந்த நாற்காலியில் சொன்னதே கிடையாது. சொல்லிச் சொல்லிப் பழகாததால் வீட்டிலும் அவை என் வாயில் வருவதில்லை.

யோசித்துப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேருமே ஆயுள் முழுக்கச் சின்ன ஓட்டை ஒன்றின் வழியாகப் பேசிச் சம்பளம் வாங்கியவர்கள். அவர் கதவிலிருந்த ஓட்டை வழியாக, நான் கண்ணாடியிலிருந்த ஓட்டை வழியாக. எங்கள் கல்யாணத்தில் நடுவே அப்படி ஒரு தடுப்பு இல்லாமல் போனதுதான் பெரிய குறை.

வேலையில் இருந்தவரை அது தெரியவில்லை. பகல் முழுவதும் ஆளுக்கொரு திசை. இப்போது பகலும் சேர்ந்தே வந்தது. "என் கண்ணாடி எங்க?" "நகவெட்டி எங்க?" "நேத்து பேப்பர எங்க வச்ச?" "இந்தப் பூட்டுக்குச் சாவி எது?" நான் குளித்துக்கொண்டிருந்தால் கதவுக்கு வெளியே நின்று, "நான் எதுக்கு இந்தப் பக்கம் வந்தேன்?" என்று கேட்பார். அதையும் நான்தான் சொல்ல வேண்டும். சொல்வேன் என்பதுதான் கொடுமை. துண்டு எடுக்க வந்திருப்பார்.

இந்தக் கோடையில் நான் முடிவு கட்டினேன். மாடிப்படியை ஒட்டி எங்களுக்கு ஒரு சாமான் அறை உண்டு. ஒன்பதுக்கு எட்டு அடி, ஒரு ஜன்னல், வாசலில் கதவுக்குப் பதிலாகத் துணித் திரை. அதை எனக்கென்று ஒழித்துத் தரச் சொன்னேன்.

"எனக்கு ஒரு கதவு வேணுங்க. சாத்துற கதவு. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நான் உள்ள இருப்பேன். அப்ப யாரும் என்னை எதுவும் கேக்கக் கூடாது."

"நான் கேக்கலாம்ல?"

"நீங்கதான் முக்கியமா கேக்கக் கூடாது."

மனிதருக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்களே, கையில் வேலை என்று ஒன்று கிடைத்ததும் சுருக்கமெல்லாம் போய்விட்டது. மறுநாள் விடியும்போதே அரைக்கால் சட்டையோடு நின்றார்.

முதலில் சாமான்களை ஒழித்தார். ஒழித்தார் என்றா சொன்னேன், விசாரித்தார். எல்லாவற்றையும் நடையில் வரிசையாக நிறுத்தி வைத்து ஒவ்வொன்றின் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு இறக்கை போன மின்விசிறிக்கு விடுதலை. கால் உடைந்த கட்டிலுக்கும் விடுதலை. மகன் பள்ளிக்கூடத்தில் செய்த எரிமலைக்கு நன்னடத்தை காரணமாக மாடிக்கு இடமாற்றம். சாவி தொலைந்த பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஏதோ உருண்டது. என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அது வாயைத் திறக்க மறுப்பதால் அதற்கு ஆயுள் என்று சொல்லிக் கட்டிலடியில் தள்ளிவிட்டார்.

அடுத்து சுவர். எனக்கு வெளிர்நீலம் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் சுவரின் கீழ்ப்பாதி கரும்பச்சை, மேல்பாதி வெள்ளை, நடுவில் அளவுகோல் வைத்தது போல ஒரு கோடு.

"இது என்னங்க?"

"இப்படித்தானே அடிப்பாங்க?" அவர் உண்மையிலேயே குழம்பினார். "கீழ கை படும். அழுக்குத் தெரியாது."

"என் கை ஏன் சுவத்துல படுது? நான் என்ன, சுவரப் பிடிச்சுக்கிட்டா அழப்போறேன்?"

இரண்டு நாள் பேசாமல் இருந்து நீலம் வாங்க வைத்தேன். பச்சையின் மேல் நீலம் ஏற மூன்று பூச்சு ஆனது. கோடை வெயிலில் ஒவ்வொன்றும் சட்டென்று காய்ந்தது, அடுத்ததோடு அவர் தயாராக நின்றார். தச்சர் வந்து நிலையும் கதவும் மாட்டினார். கதவு நல்ல கதவு. ஆனால் தானாக ஆடித் திறந்துகொள்ளும் குணம் அதற்கு இருந்தது. "தாழ்ப்பாள் போட்டா நின்னுரும்மா, ரெண்டு நாள்ல வர்றேன்," என்று சொல்லிவிட்டுத் தச்சர் கிளம்பினார். தச்சர் சொல்லும் இரண்டு நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை. இவருக்கோ பொறுமை இல்லை. தாழ்ப்பாளைத் தானே மாட்டிவிட்டு, என் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். சின்ன வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட முகத்தில் அவ்வளவு பெருமை இல்லை.

என் கட்டைவிரல் பருமனுக்கு இரும்புத் தாழ்ப்பாள். கதவின் வெளிப்பக்கம். அதற்கு மேலே, கண் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை; அதை மூட இழுவைத் தகடு. அதுவும் வெளிப்பக்கம். உள்ளே கைப்பிடிகூட இல்லை, வெறும் பலகை.

நான் கதவின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். "நான் உள்ள இருந்து எப்படிங்க சாத்திக்கிறது?"

"உள்ளயா? உள்ள தாழ்ப்பாள் வைக்கறது விதிமுறையிலயே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தாழ்ப்பாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காது மடல் மெல்லச் சிவந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? முப்பத்தைந்து வருடம் எந்தக் கதவுக்கும் வெளியே நின்றே பழகியவர். கதவுக்கு உட்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை.

"தச்சர் வரட்டும், மாத்திரலாம்," என்றார். அதுவரை அந்தக் கதவு ஆடாமல் நிற்க வேண்டுமானால், வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட வேண்டும். அதாவது நான் வெளியே இருக்க வேண்டும்.

இது போதாதென்று அந்தப் புத்திசாலி இன்னொரு காரியமும் செய்திருந்தார். நீலச் சுவரையும் ஜன்னலையும் படம் எடுத்து, "புது ரூம் ரெடி" என்று எழுதி, போனில் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் இடம்கூடக் கொடுக்கவில்லை. படம்தான் கொடுத்தார்.

முதலில் மகன் கூப்பிட்டான். குடும்பச் செய்திகளை வரிசையாகச் சொன்னான். பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, விழுந்ததை அவன் முழுங்கிவிட்டான், இரண்டு நாளாகக் காத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. மருமகளுக்குப் பதவி உயர்வு. ஆபீஸுக்குப் பக்கத்தில் சின்ன வீடாகப் பார்த்து மாறுகிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அம்மா, புது ரூம்ல ஒரே ஒரு எக்ஸர்சைஸ் சைக்கிள் வச்சுக்கிறியா? இங்க எடமே இல்லம்மா," என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "அனுப்புடா," என்று சொல்லிவிட்டார். நல்லவேளை, வந்து சேர்ந்த சைக்கிள் என் அறை வாசலில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், அதோடு சேர்ந்து தானும் சிக்கிக்கொண்டு பார்த்தார். கடைசியில் அது கூடத்தில் நின்றது. அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒரு நாளும் மிதித்ததில்லை.

மறுநாள் என் நாத்தனார் கூப்பிட்டார். இவருக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா. தாயில்லாத பிள்ளையை இடுப்பிலேயே தூக்கி வளர்த்தவர். புருஷன் போன பிறகு மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிவிட்டதாம், சரிசெய்ய இரண்டு மாதம் ஆகுமாம், முட்டி வலியோடு படி ஏற முடியவில்லையாம். "படத்தப் பாத்தேன் தம்பி. ஜன்னல் காத்து நல்லா வரும் போல இருக்கே. நான் அங்கயே வந்து இருந்துக்கிறேன்."

"சரிக்கா," என்றார் இவர். கட்டில் போட முடியுமா? சரிக்கா. பெரிய பெட்டியும் வரும். சரிக்கா. ஜன்னலுக்குக் கொசு வலை அடித்துவிடு. சரிக்கா. நான் பக்கத்தில் நின்று ஒன்பது சரிக்காவை எண்ணினேன். ஒரு காலத்தில் இவர் நடையில் வருகிற சத்தம் கேட்டால் கொலைகாரர்களே எழுந்து நிற்பார்களாம். வெளியில் புலி, வீட்டில் எலி.

எனக்குக் கோபம் வந்தது. ஒளிப்பானேன், அழுகையும் வந்தது. முப்பத்துமூன்று வருடம் ஊருக்கெல்லாம் அறை எங்கே இருக்கிறது என்று வழி சொன்னவளுக்கு, ஒன்பதுக்கு எட்டு அடியில் ஒரு மூலை. அதில் நான் இன்னும் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கவில்லை. நாத்தனார் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முட்டி வலி பொய்யில்லை. ஆனால் இரண்டு மாதம் என்று வருகிற பெட்டி இரண்டு மாதத்தில் திரும்பியதாக எந்தக் குடும்பத்திலும் சரித்திரம் கிடையாது. இந்தத் தடவை விட்டால் அந்த அறை எனக்கு இல்லை.

"அவங்க நம்ம பெட்ரூம்ல என்கூடப் படுத்துக்கட்டும். நீங்க கூடத்துல படுங்க. ஆனா இந்த ரூம் மட்டும் வேணாங்க. நீங்களே சொல்லிருங்க," என்றேன்.

"நான் பேசிக்கிறேன். நீ கவலப்படாத."

பேசினார். தினமும் பேசினார். போனை எடுப்பார், தொண்டையைச் செருமுவார், "அக்கா, அந்த ரூம் விஷயமா..." என்பார். அந்தப் பக்கம் என்ன சொல்வார்களோ, இந்தப் பக்கம் "சரிக்கா" என்று முடியும். ஒரு வாரம் இப்படியே ஓடியது. நானே சொல்லியிருக்கலாம்தான். இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். நாத்தனார், "என்னம்மா, எப்படி இருக்க?" என்று கேட்டதும் எப்படி இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவர் வருகிறேன் என்று சொன்னது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அன்று காலை பத்து மணி போல, பழைய இரும்பு நாற்காலி ஒன்றுக்குப் பெயின்ட் அடிக்க நான் மாடிக்குக் கிளம்பினேன். அறை கிடைக்காவிட்டாலும் நாற்காலியாவது நீலமாக இருக்கட்டும் என்ற வீம்பு. ஒரு கையில் பெயின்ட் டப்பா, ஒரு கையில் பிரஷ். படியேறப் போகும்போது அந்தக் கதவு வழக்கம்போல ஆடி வந்து முழங்கையில் இடித்தது. பெயின்ட் என் காலில் சிந்தியது. சனியனே என்று திட்டி, கதவைப் பின்பக்கத்தால் தள்ளி, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுவிட்டு மேலே போய்விட்டேன்.

இவர் உள்ளே இருந்தார். அக்காவின் கட்டிலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாராம்.

கூப்பிட்டிருக்கலாம். அவர் குரலுக்கு நாலு தெரு திரும்பும். ஆனால் அந்தத் தெருவுக்கே இவர் வார்டர் என்று தெரியும். வார்டர் உள்ளே மாட்டிக்கொண்டு கத்துகிறார் என்றால் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் மரியாதையாக விரலால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மொட்டை மாடியில் வெயில் ஏறும்வரை பிரஷ் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு எதுவும் கேட்கவில்லை. போனும் கூடத்தில், சைக்கிள்மேல் இருந்தது.

நாற்காலியின் நாலாவது காலுக்கு வந்தபோது கீழே வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாத்தனார். சாயங்காலம் என்று சொன்னவர், வெயிலுக்கு முன்னால் வந்துவிடலாம் என்று நினைத்து, நடுவெயிலில் வந்து சேர்ந்திருந்தார். வண்டிக்காரர் பெட்டியை வாசலுக்குள் வைத்துவிட்டுப் போனார். நான் அவசரமாகப் படியிறங்கினேன். பாதிப் படியில் நாத்தனாரின் குரல் கேட்டது. அங்கேயே நின்றுவிட்டேன்.

நாத்தனார் என் அறைக் கதவின் முன்னால் கைத்தடியோடு நின்றார். தட்டும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். தகட்டை இழுத்து ஓட்டைக்குள் பார்த்தார்.

"டேய். உள்ள என்னடா பண்ற?"

"இருக்கேங்க்கா."

"யாரு பூட்டுனது?"

"வீட்லதான். தெரியாமப் போட்டுட்டா."

"வெளிய ஏன்டா தாழ்ப்பாள் வச்சிருக்கு?"

"நான்தான் வச்சேன்."

நாத்தனார் அதற்கு மேல் கேட்கவில்லை. தம்பியின் அறிவைப் பற்றி அவருக்கு அறுபது வருட அனுபவம். "இரு, தொறக்கறேன்," என்று தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"வேணாங்க்கா. தொறக்காத. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

இவர் குரல் மாறியிருந்தது. எனக்கு அந்தக் குரல் தெரியும். ஒரு தடவை மகனோடு சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்கப் போனபோது கேட்டிருக்கிறேன். ஏற்ற இறக்கம் இல்லாமல், கோபமும் இல்லாமல், ஓட்டை வழியாக வந்து விழும் குரல். மனு போட்டவனுக்கு முடிவு சொல்லும் குரல்.

"அக்கா, இந்த ரூம் உனக்குக் கெடையாது."

"என்னடா சொல்ற?"

"இந்த ரூம் காலி இல்ல. ஆள் இருக்கு."

"ஆமா, நீதான் இருக்க. தெரியுதே."

"நான் இல்லக்கா. அவ. இது அவளோடது." ஒரு மூச்சு விட்டார். "ரெண்டு மணி நேரமா உள்ள உக்காந்திருக்கேன். என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. கேக்கறதுக்கு எனக்கும் ஆளில்ல. முதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் நல்லாத்தான் இருந்துச்சு. அவ கேட்டது இதத்தான்க்கா. வேற எதுவும் அவ என்கிட்ட இத்தன வருஷத்துல கேட்டதே இல்ல. நானும் குடுக்கறேன்னு சொல்லிட்டு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்டு இருந்தேன்."

எனக்குக் கையிலிருந்த பிரஷ் நழுவியது. பிடித்துக்கொண்டேன்.

நாத்தனார் கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார். பிறகு, "இத ஏன்டா ஒரு வாரமாச் சொல்லல? போன் பண்ணும்போதெல்லாம் சரிக்கா சரிக்கான்னியே," என்றார்.

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சொல்ல வராதுக்கா."

"போன்ல என் மூஞ்சி எங்கடா தெரிஞ்சுச்சு?"

"ஞாபகம் இருக்கும்ல."

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

"இப்ப அரை மூஞ்சிதானே தெரியுது."

அது உண்மை. ஓட்டை உள்ளங்கை அகலம்தான். புருவத்திலிருந்து மூக்குவரை தெரியும், அவ்வளவுதான். அந்த அளவு அக்காவை அவரால் சமாளிக்க முடிந்திருக்கிறது.

நாத்தனார் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். எடுத்துவிட்டுத் திரும்பாமலே, "படியில யாரு நிக்கறது? இறங்கி வாம்மா," என்றார்.

இறங்கினேன். காலில் நீலம், கையில் நீலம், மூக்கிலும் கொஞ்சம் இருந்திருக்கும். பிடிபட்ட திருடி போல அவர் முன்னால் போய் நின்றேன்.

"உனக்கு இந்த ரூம் வேணுமா?"

எத்தனையோ ஆயிரம் பேர் என்னிடம் எத்தனையோ ஆயிரம் கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றித்தான். உனக்கு வேண்டுமா என்று முடிகிற கேள்வி ஒன்று அந்தக் கண்ணாடி ஓட்டை வழியாக வந்ததே இல்லை. பழக்கதோஷத்தில் "நேராப் போய் இடது பக்கம்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினேன். வேண்டாம் அண்ணி, நீங்கள் இருந்துகொள்ளுங்கள் என்று சொல்வதுதான் சுலபம், அதுவும் நுனிக்கு வந்தது. அதையும் முழுங்கினேன். உள்ளே அவர் மூச்சுக்கூட விடாமல் நிற்பது தெரிந்தது.

"வேணும் அண்ணி," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஒரு வார்த்தைக்கா இவ்வளவு நாளு? நான் கேட்டேன், அவன் சரின்னான். நீ எப்ப கூப்பிட்டாலும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வச்ச. எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?" அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. அதை மறைக்க வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "சரி, எனக்கு எங்க எடம்?"

"பெட்ரூம்ல, என்கூட. ஃபேன் புதுசு, பாத்ரூமும் பக்கத்துலயே. அவர் கூடத்துல படுத்துக்கட்டும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? மூணாவது மாடியில தனியாப் படுத்துப் படுத்து அலுத்துப்போச்சு, இங்க ஜன்னலா என்கூடப் பேசப்போகுது? நான் ஆள்கூட இருக்கத்தானே வந்தேன்." கைத்தடியை ஊன்றிக்கொண்டு பெட்ரூமைப் பார்க்க நடந்தார். நானும் பின்னால் போனேன். கட்டிலில் எந்தப் பக்கம் யாருக்கு என்று பேசினோம். லிஃப்ட் கதையை முழுதாகச் சொன்னார். பேரன் முழுங்கின பல்லைப் பற்றி நான் சொன்னேன். அது வந்துவிட்டதா என்று கேட்டார், வரவில்லை என்றேன். பிறகு தண்ணீர் குடித்தோம்.

"யாராச்சும் தொறந்து விடுறீங்களா?" என்று ஒரு குரல் வெகுநேரம் கழித்துக் கேட்டது. பழைய குரல். அதிகாரமெல்லாம் இறங்கிப்போயிருந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் எண்ணினார். மூன்று. ஒரு நொடி திகைத்து, மறுபடி எண்ணி, அப்புறம்தான் நம்பினார். என் பக்கம் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தச்சருக்குப் போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை வந்து தாழ்ப்பாள உள்பக்கம் மாத்திருவாரு," என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நாத்தனார் இருந்ததால் இன்னொரு கரண்டி பரிமாறினேன்.

நாலு மணிக்கு அறைக்குப் போனேன். நாற்காலி இன்னும் காயவில்லை என்பதால் பாயை விரித்தேன். கதவு ஆடியது. கூடத்தில் கிடந்த நாத்தனாரின் பெரிய பெட்டியை உள்ளே இழுத்து, வெளித் தாழ்ப்பாளில் கட்டிய கயிற்றை ஓட்டை வழியாக வாங்கி அதன் கைப்பிடியில் இறுக்கினேன். வருமோ வருமோ என்று நான் ஒரு வாரமாகப் பயந்த பெட்டி. கதவு அசையாமல் நின்றது.

ஜன்னல் வெளிச்சம் சுவரில் விழுந்து நீலம் லேசாக வெளுத்துத் தெரிந்தது. அடியிலிருந்த பச்சை ஓரிடத்தில் எட்டிப் பார்த்தது. சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை, செய்யாமல் இருப்பதற்கும் பழக்கம் வேண்டுமல்லவா?

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. சமையலறையில் நாத்தனாரின் குரல் கேட்டது. "தம்பி, டீ போடலாம்னு பாத்தேன். சக்கர எங்கடா இருக்கு?"

இவருடைய காலடி என் கதவுவரை வந்தது. நின்றது. செருமியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்ற காலடி, அப்படியே திரும்பிப் போனது.

"தெரியலக்கா," என்றார். "தேடிப் பாப்போம்."

டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு மூடி விழுந்து உருண்டது. "இது உப்புடா," என்றார் நாத்தனார். "இதுவும் உப்புதான். எதுக்குடா ரெண்டு டப்பா உப்பு?" "எனக்கு எப்படித் தெரியும்க்கா?" மறுபடி ஒரு மூடி விழுந்தது.

இரண்டாவது தட்டில், டீத்தூளுக்குப் பின்னால், பச்சை மூடி போட்ட டப்பா. நான் பாயில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன்.